கல்மரத்தின் மதிப்பெண்

ஓர் ஆய்வாளரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணினால் போதும், தரம் தெரிந்துவிடும். கட்டுரையைப் படிக்கும் தொல்லை கிடையாது. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்த எச்-குறியீடு அத்தனை வசதி.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது சுமார் 12 கோடி வருடம், நீளம் 18 மீட்டர். இதுவரை ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. குறியீடு பூஜ்யம். என்ன சோம்பல்! அரியலூரில் கல்லான அம்மோனைட் என்ற கடலுயிர்களும் அதே ரகம். 1860-களில் புவியியலாளர் பிளான்ஃபோர்டு அப்பகுதிப் பாறைகளை வரிசைப்படுத்தினார், தொல்லுயிரியலாளர் ஸ்டொலிச்கா புதைபடிவங்களை விவரித்தார், புள்ளிகள் அவர்களுக்கு. செத்துக் கல்லானவர்களுக்குப் பங்கு கேட்க வாயேது?

அதே பகுதியின் காரை ஓடையில் ஆய்வாளருக்கு வழிகாட்டும் ஆடு மேய்ப்பவர் மட்டும் குறை சொல்ல முடியாது. ‘நன்றி’ப் பகுதியில் அவருக்கும் அரை வரி உண்டு. அதை மேற்கோள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கணக்கென்றால் கறார் வேண்டாமா?

2020-இல் ஹிர்ஷே, தன் குறியீடு எதிர்பாராத கடும் கேடுகளைத் தரக்கூடும் என்று ஒரு கட்டுரையில் எழுதினார். குறியீட்டை எதிர்ப்பவர்கள் அதை ஆர்வமாக மேற்கோள் காட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் ஹிர்ஷ் கணக்கில் வரவு.