ரொக் வியூ, பத்துப் பேர்ச்

"சேர், ரொக் வியூ" என்றார் காணித் தரகர்.

இனாமலுவைச் சந்தியிலிருந்து சீகிரியாவுக்குப் போகும் வீதி. ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, முட்கம்பி வேலியை ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு என்னை உள்ளே விட்டார். முழங்கால் உயரத்துக்குப் புல். நாலு மூலையிலும் எல்லைக் கல். "எங்க ரொக்?" என்றேன். தோளைப் பிடித்துத் திருப்பினார். கொஞ்சம் குனிய வேண்டும். இடப்பக்கம் சாய வேண்டும். பக்கத்து விடுதியின் தண்ணீர்த் தாங்கிக்கும் ஒரு பலா மரத்துக்கும் நடுவே, விரலகலத்தில் சீகிரியா தெரிந்தது. அந்த விரலகலத்துக்காகப் பேர்ச்சுக்கு எவ்வளவு கூட என்று அவர் சொன்னதை இங்கே எழுதவில்லை. வாசகர்களில் ரத்த அழுத்தக்காரர் இருப்பீர்கள்.

ஓய்வு பெற்றாயிற்று, நல்ல சுற்றாடலாகப் பார்த்து ஒரு துண்டுக் காணி வாங்கு என்று ஊரே புத்தி சொல்கிறது. தண்ணீர் இருக்கா பார். பாதை இருக்கா பார். அயலவன் யார் என்று பார். சரி, இந்த வட்டாரத்தில் பெரிய மனிதர்கள் எப்படி இடம் பார்த்தார்கள் என்று விசாரித்தேன்.

மூத்தவர் காசியப்ப மன்னன். 477இல் அப்பா தாதுசேனனைக் கொன்றார். கலாவெவ குளத்தைக் கட்டிய அப்பா. சொத்தெல்லாம் எங்கே என்று மகன் ஆள் அனுப்பிக் கேட்டபோது, குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளி இதுதான் என்று காட்டியவர். அது மகனுக்குப் பிடிக்கவில்லை. தம்பி மொகல்லானன் உயிர் தப்பி இந்தியாவுக்கு ஓடினான். அதற்குப் பிறகு தலைநகர் அனுராதபுரத்தில் தூக்கம் வருமா? பாறை பார்த்தார். கிட்டத்தட்ட 180 மீற்றர் உயரம், நாலு பக்கமும் செங்குத்து. அயலவர் தொல்லை அறவே இல்லை. உச்சியில் மாளிகை, சுவரில் ஓவியப் பெண்கள், அடிவாரத்தில் நீர்ப்பூங்கா. அந்தப் பூங்காவின் ஊற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பீறிடுகின்றன.

அங்கே கொஞ்சம் நின்றுவிட்டேன். அப்பனைக் கொன்றவன் போட்ட குழாயில் 1,500 வருஷம் கழித்தும் தண்ணீர் வருகிறது. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே பீலி. விடிய ஒரு மணி நேரம் சொட்டும். குடத்தை வைத்து இடம்பிடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவோம்.

யானை எப்படி என்று தரகரைக் கேட்டேன். "வரும் சேர். ஆனா டீசன்டான யானை." காசியப்பனும் அப்படித்தான் நம்பியிருப்பார். 495இல் தம்பி படையோடு திரும்பி வந்தபோது, அவர் ஏறியிருந்த யானை சேற்று நிலத்தைக் கண்டு ஒதுங்கித் திரும்பியது. அரசன் பின்வாங்குகிறான் என்று நினைத்துப் படை சிதறி ஓடியது. அவர் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டார் என்கிறது சூளவம்சம். பதினெட்டு வருஷக் குடியிருப்பு. இன்று அந்த வீட்டைக் காக்கத் தொல்லியல் திணைக்களம் இருக்கிறது, மத்திய கலாசார நிதியம் இருக்கிறது, 1982 முதல் யுனெஸ்கோவும் இருக்கிறது. வெள்ளைக்காரன் ஏறிப் பார்க்க 30 டொலருக்குக் குறையாத டிக்கெட். கொழுந்து பறிக்கிறவளுக்கு அது கிட்டத்தட்ட ஒரு வாரக் கூலி.

அடுத்தவர் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. ஹோட்டல் கட்ட அவருக்குச் சீகிரியா அடிவாரத்தில்தான் இடம் காட்டினார்கள். பிடிக்கவில்லை. ஹெலிகொப்டரில் ஏறிச் சுற்றிப் பார்த்து, கந்தளமைக் குளத்துக்கு மேலே ஒரு மலைச்சரிவை விரல் நீட்டினார். குளத்துக்குக் கேடு என்று ஆர்ப்பாட்டம் நடந்தது. 1994இல் ஹோட்டல் திறந்தது. அழகான ஹோட்டல், மறுக்கவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. இந்த மாத்தளை மாவட்டத்தில் வசிக்க இடம் தேட இரண்டு வழி உண்டு: அப்பனைக் கொல்லலாம், அல்லது ஹெலிகொப்டர் எடுக்கலாம்.

மூன்றாவது வழியில் வந்தவர்கள் நடந்து வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே, கொலராவுக்குப் பாதிப் பேரைப் பறிகொடுத்த கூட்டங்களும் உண்டு, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு. கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். போகிற வழியில் தூரத்துப் பாறை அவர்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். வியூ அப்போது இலவசம்.

அவர்களுக்கு இருப்பிடம் தேடும் சிரமம் வைக்கப்படவில்லை. தோட்டத் துரை தேர்ந்துவைத்திருந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிரா. 1948இல் ஒரு சட்டம் வந்து, நீ இந்த நாட்டவனே இல்லை என்றது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து இவர்களுக்கு வசிப்பிடம் தேர்ந்தார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள். பாதிப் பாதி. கசாப்புக் கடையில்கூட வாங்குகிறவனிடம் எந்தப் பக்கம் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்பார்கள்.

2023இல் அவர்கள் வந்து இருநூறு வருஷம் நிறைந்தது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, பழைய பாதையிலேயே பதினாறு நாள் நடைபயணம். ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்தது. பேச்சு, மாலை, கண்ணீர், படம். தியாகம் என்றார்கள். முதுகெலும்பு என்றார்கள். இந்த நாட்டில் யாரையாவது முதுகெலும்பு என்று சொன்னால், அவன் முதுகில் ஏறப்போகிறார்கள் என்று அர்த்தம்.

அதே ஆகஸ்ட். அதே மாத்தளை. எல்கடுவ, ரத்வத்தைத் தோட்டம். லயத்தில் இடம் போதாமல் ஒரு குடும்பம் போட்டிருந்த குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்தெறிந்தார். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அமைச்சர் வந்தார். எம்.பி.மார் வந்தார்கள். ஜனாதிபதி வரை போனது. நடைபயணத்தில் வந்த கால் கொப்புளம் ஆறியிருக்குமா என்பதே சந்தேகம்.

அனுமதி இல்லாமல் கட்டியதாம். அடடா. கோப்பி நட இருநூறு வருஷத்துக்கு முன் அனுமதி கேட்காமல் கூட்டிவந்தவர்கள், தகரம் போட அனுமதி கேட்கிறார்கள்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. லயக் காம்பிரா 120. அரைப் பேர்ச்கூட இல்லை. அதற்குள் அடுப்பு, கட்டில், சாமிப் படம், மூன்று தலைமுறை. ஒரு அரசாங்கம் வந்து 7 பேர்ச் என்றது. பிறகு வந்த ஒன்று 10 பேர்ச் என்றது. ஒவ்வொரு தேர்தலுக்கும் காணி வளர்கிறது, மேடையில் மட்டும். தேயிலைச் செடிகூட இந்த வேகத்தில் துளிர்ப்பதில்லை.

பழைமையைக் காப்பதுதான் கொள்கை என்றால் லயமும் பழைமைதான். வெள்ளைக்காரன் காலத்துக் கல், வெள்ளைக்காரன் காலத்துத் தகரம். அதையும் காத்துத்தான் வருகிறார்கள். கூரை மாற்றாமல், சுவர் தொடாமல், ஒழுகுவது ஒழுகும்படி. எந்த நிதியமும் தேவைப்படவில்லை.

தரகர் மறுநாள் மறுபடி அழைத்தார். வேறொரு காணி, முழுப் பாறையும் தெரியுமாம். உறுதி எழுத விலாசம் கேட்டார். சொந்த ஊர் விலாசத்தைச் சொன்னேன்: தோட்டத்தின் பெயர், டிவிசன், லயம். "வீட்டு இலக்கம், சேர்?" என்றார். எங்கள் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கே யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அது பரவாயில்ல, காசு ரெடிதானே?" என்றார்.

அந்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். அத்தை இன்னும் அதே காம்பிராவில்தான். வாசலில் உட்கார்ந்து, கொழுந்துக் கறை போகாத விரலால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். காணி பார்க்கிற கதையைச் சொன்னேன். பாறை, யானை, ஹெலிகொப்டர் எல்லாம். சிரித்தார். "சரி அத்தை, ஒனக்கு எங்க வேணா வீடு எடுத்துக்கோன்னு சொன்னா, எந்த எடத்தக் கேப்ப?"

வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். லயத்துக் கடைசியைப் பார்த்தார். எட்டுக் குடும்பத்துக்கும் பொதுவான அந்தக் கதவில்லாத கட்டடம் அங்கேதான் இருக்கிறது.

"மொத காம்பிரா போதும்டா தம்பி. அங்க நாத்தம் வராது."