வெள்ளிக்கிழமை மசோதா

இந்திய நாடாளுமன்றத்தில் அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவுக்கு எப்போதுதான் நேரம் கொடுப்பார்கள்?
(வாசகர், லைங் தாயா, யாங்கூன்)

வெள்ளிக்கிழமை பிற்பகல், இரண்டரை மணி நேரம். உறுப்பினர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் கிளம்பும் நேரமும் அதுதான்!

அப்படி ஏதாவது சட்டமாகியிருக்கிறதா?

சுதந்திரத்துக்குப் பிறகு 14. கடைசியாக 1970இல். அவற்றில் ஒன்று, சபையில் பேசியதைப் பத்திரிகைகள் பயமின்றி அச்சிட வழி செய்த 1956ஆம் ஆண்டுச் சட்டம். கொண்டுவந்தவர் ஃபெரோஸ் காந்தி. நெருக்கடிநிலையில் அதை ரத்து செய்தது யாருடைய அரசு தெரியுமா? அவர் மனைவியுடையது.

நம் தமிழர் யாரும் முட்டிப் பார்க்கவில்லையா?

திருச்சி சிவா முட்டினார், ஒரு கதவு திறந்தது. அவருடைய திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது தேறவில்லை. பிறகு அரசே தன் பங்குக்கு ஒன்றை எழுதி 2019இல் சட்டமாக்கியது. சிவா கேட்டிருந்த இடஒதுக்கீடு மட்டும் வழியிலேயே இறங்கிக்கொண்டது.

எங்கள் மியன்மாவில் ஒரு தனி உறுப்பினர் அரசியல் சாசனத்தையே திருத்த முடியுமா?

கணக்குப் போடுங்கள். 2008 சாசனப்படி 664 இருக்கைகளில் 166 ராணுவத்துக்கு. முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும். 2020 மார்ச்சில் ஆளுங்கட்சியே இந்தக் கணக்கில் ஃபெயில். தனி ஆள் எந்தப் பெஞ்சில் உட்காருவார்?