செய்பணிப் பட்டியலின் காகிதப் பிரதி: ஒரு பாடாராய்ச்சி

செல்பேசியில் ஒழுங்காக வரிசைப்படுத்தி, நாளும் நேரமும் குறித்து, நினைவூட்டும் மணியும் பொருத்தி வைத்திருக்கும் செய்பணிப் பட்டியலைக் காலையில் எழுந்ததும் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, அதை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் இட்டு, அதே பையில் அந்தச் செல்பேசியையும் இட்டுக்கொண்டு அலுவலகம் புறப்படும் மனிதரைப் பற்றி நம்முடைய சாஸ்திரங்கள் இதுகாறும் மௌனமே சாதித்து வந்திருக்கின்றன. அவரைப் பழமைவாதி என்று நகைப்போர் உண்டு. மரங்களுக்குப் பகைவர் என்று கடிந்துகொள்வோரும் உண்டு. இவ்விரு சாராரும் பிரதி என்பது மூலத்தின் நிழலே, மூலம் கையிலிருக்க நிழலால் பிரயோஜனம் யாது என்னும் ஒரே அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறார்கள். அந்த அஸ்திவாரம் பழுதுடையது என்பதும், பிரிண்டரை விட்டு வெளிவந்த கணமே அத்தாள் மூலத்தினின்று பிரிந்து தனிநூலாகிவிடுகிறது என்பதும், இரண்டனுள் மனிதனை வேலை செய்விக்கும் அதிகாரம் தாளுக்கே உரியது என்பதும் நம் துணிபு.

வரலாற்றை நோக்கினால், மனிதகுலம் முதலில் எதிர்த்திசையில்தான் நடந்திருக்கிறது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணங்களைத் தேர்ந்து, அவற்றில் தவறிய நாட்களுக்குப் புள்ளியிட ஒரு சிறு புத்தகம் வைத்திருந்தார் என்பதும், பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிப் புதியவற்றுக்கு இடம் செய்ததில் தாளெல்லாம் ஓட்டையாகிப் போகவே, யானைத்தந்த ஏடுகளில் சிவப்பு மையால் கோடு கிழித்து, அதில் பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சினால் துடைத்துவந்தார் என்பதும் அவருடைய சுயசரிதையில் அவரே சொன்னவை. துடைத்தால் சுவடின்றிப் போகும் அந்தத் தந்த ஏட்டில் இன்றைய தொடுதிரையின் லட்சணங்கள் அனைத்தும் அமைந்திருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அவர் காகிதத்தை விட்டு அங்கே போனார். நம் கதாநாயகரோ அங்கிருந்து காகிதத்துக்குத் திரும்பி வருகிறார். இதைப் பின்னடைவு என்பதா, யாத்திரை முடிந்து வீடு திரும்புதல் என்பதா என்பது காண்பவரின் மனப்பான்மையைப் பொறுத்தது.

இவ்வழக்கத்தைச் சோம்பேறிகளின் விநோதம் என்று எண்ணுவோர் விமான நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையை நினைவுகூர்தல் நலம். ஆகாயத்தில் வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் கணிப்பொறி ஒரு காகிதத் துண்டை அச்சிட்டுத் தர, அதைப் பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்திப் பலகையில் வரிசையாக அடுக்கி, உயரம் மாறினால் பேனாவால் திருத்தி, கவனம் வேண்டிய விமானத்தின் துண்டைச் சற்றே கோணலாக இழுத்துவிட்டு, அக்கோணலைக் கண்டே தமக்கும் பக்கத்திலிருப்பவருக்கும் எச்சரிக்கை பெற்று, பல்லாயிரம் உயிர்களைப் பத்திரமாகத் தரையிறக்கியவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். பல நாடுகளில் இப்போது அத்துண்டுகள் திரைக்குப் போய்விட்டன. போன இடத்திலும் காகிதத் துண்டின் வடிவத்தையே வரைந்து வைத்திருக்கிறார்கள். இத்துண்டுகளைப் பற்றியும் அலுவலகக் காகிதம் பொதுவாக ஏன் சாகவில்லை என்பது பற்றியும் அபிகெயில் செலன், ரிச்சர்ட் ஹார்ப்பர் என்னும் இருவர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நூலே எழுதினார்கள். மின்னஞ்சல் புகுந்த அலுவலகங்களில் காகிதச் செலவு சராசரியாக 40 சதவீதம் ஏறியது என்று அதில் கணக்கும் காட்டினார்கள்.

அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர் நம்மூர் ஓட்டல் சமையற்கட்டை எட்டிப் பார்க்கலாம். சர்வர் கைக்கருவியில் தட்டிய ஆர்டர் உள்ளே கேஓடி என்னும் சீட்டாக அச்சாகி வருகிறது. தோசைக்கல்லின் முன் நிற்பவர் அதைப் பார்த்தே ரவா தோசை வார்க்கிறார். வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் தாள் அடுப்பனலில் தானும் கறுத்துப்போகும் என்பதால், ஊசிகள் நாடாவின்மேல் மோதி அச்சிடும் பழைய டாட் மேட்ரிக்ஸ் இயந்திரத்தைப் பல சமையற்கட்டுகள் இன்னும் கைவிடவில்லை. உலகம் ஒதுக்கிய ஓர் இயந்திரம், இந்தக் காகிதத் தேவை ஒன்றினாலேயே வேலையில் நீடிக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது.

இனி அளவியல். ஏ4 தாளின் அளவு 210க்கு 297 மில்லிமீட்டர். பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாத தாளின் பெருமையைக் கோட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் லிக்டென்பெர்க் 1786இல் எழுதிய ஒரு கடிதத்தில் எடுத்துரைத்தார். 1922இல் ஜெர்மனி அதையே தேசிய அளவாக்கிற்று. இருமுறை மடித்தால் 105க்கு 148. மூன்றாம் முறை மடித்தால் 74க்கு 105. முன்னதைக் கைக்கொள்ளும் நான்குமடிக் கட்சியாரின் பட்டியல் சட்டைப்பைக்கு வெளியே தலைகாட்டி, அவர் செய்யாத வேலையை எதிரில் வருவோருக்கெல்லாம் அறிவிக்கும். எட்டுமடிக் கட்சியார் இவ்வபகீர்த்தியினின்று தப்புகிறார்கள், ஆயினும் மடிப்பு விழுந்த வரியில் எழுதியிருந்தது வங்கியா வாங்கியா என்பதை மாலைவரை அறியாமல் உழல்கிறார்கள். எடையைப் பொறுத்தவரை சதுரமீட்டருக்கு 80 கிராம் தாளில் ஒரு ஏ4 ஏறத்தாழ 5 கிராம். ஒருவருடைய ஒருநாள் கடமைகளின் மொத்தப் பாரம், அவை மூன்றாயினும் முப்பதாயினும், அவ்வளவே என்பது பெரும் ஆறுதல்.

இவை யாவற்றினும் முக்கியமானது அத்தாளுக்குக் கீழ்விளிம்பு உண்டு என்பது. திரையிலுள்ள பட்டியலுக்கு அடி கிடையாது. விரலால் தள்ளத் தள்ள அது கீழே போய்க்கொண்டே இருக்கும். உண்டு முடித்துத் திரும்புவதற்குள் தானாகவே இரண்டு பணி கூடியிருக்கும். நேற்றுச் செய்யாதது நள்ளிரவில் இன்றைக்குத் தாவி வந்து உட்கார்ந்திருக்கும். தாளோ காலையில் எவ்வளவு நீளமோ மாலையிலும் அவ்வளவே. மேலும், காலங்கடந்த பணிகளைத் திரை செந்நிறத்தில் காட்டி அச்சுறுத்துகையில், கறுப்பு மை மட்டுமே உடைய லேசர் பிரிண்டர் அச்செந்நிறத்தைச் சாம்பலாக வெளுக்கச் செய்துவிடுவதால், மிக அவசரமான காரியமே தாளில் மிக மங்கலாகத் தோன்றும். உடையவர் அதை நிதானமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கிறார். பதற்றம் தணிந்த பின்னரே மனிதன் வேலை செய்யத் தொடங்குகிறான் என்று நான் கருதுவதால், மை சிக்கனத்தால் விளைந்த இக்குறையைக் குணமாகவே கொள்கிறேன்.

இரண்டாம் பக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். முப்பத்தோராவது பணி ஒன்றுமட்டும் அடுத்த தாளுக்கு வழிந்து, தேதியும் பக்க எண்ணும் அடியில் தாங்கி, பிரிண்டரின் தட்டிலேயே அநாதையாகக் கிடந்துவிடுவது வழக்கம். அது பெரும்பாலும் பல் மருத்துவரைப் பார்ப்பதாக இருக்கும்.

பாடபேத விசாரணைக்கு வருவோம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஏட்டுப்பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கிய நாடு இது. ஆதலின் நமக்கு இம்முறை புதிதன்று. தாளில் காணப்பட்டுத் திரையில் காணப்படாத வரிகள் இடைச்செருகல் எனப்படும். அவை இருவகை. ஒன்று, உடையவர் தாமே செருகுவது: பட்டியலில் இல்லாத ஒரு வேலையைத் தற்செயலாகச் செய்து முடித்தவர், அதை அடியில் எழுதி, எழுதிய மை உலருமுன் அதே பேனாவால் அடித்தும் விடுகிறார். எழுத்தும் கோடும் ஒரே மையினவாக, ஒரே அழுத்தத்தினவாக இருப்பது கொண்டு இதைத் தெளியலாம். திரையில் முடித்த பணி கண்ணைவிட்டு மறைந்துவிடும்; தாளிலோ கோட்டின் கீழ் அது படிக்கத்தக்கதாய்க் கிடந்து, இன்று ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வாருக்கு எதிராகப் பிரத்தியட்சச் சாட்சியாகிறது. மற்றது, பிறர் கையால் நேர்வது. செல்பேசிக்குக் கடவுச்சொல் உண்டு. மேசைமேல் கிடக்கும் தாளுக்கு இல்லை. ஆகவே ‘காஸ் புக் பண்ணவும்’, ‘வரும்போது தயிர்’ என்னும் வாசகங்கள் வேறொரு கையெழுத்தில், பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளையார் சுழி இருக்கவேண்டிய இடத்தில் தோன்றுகின்றன. மூலத்தில் ஒருபோதும் இடம்பெறாத இவ்வரிகளே தவறாமல் நிறைவேறுபவை. இதை விளக்கத் தனி ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

பின்பக்கத்தையும் புறக்கணிக்கலாகாது. ஒருபக்கம் அச்சான தாளை எறிய மனம் வராத நம்மவர், சென்ற ஆண்டு வினாத்தாளின் முதுகில் இன்றைய பணிகளை அச்சிடுகிறார்கள். மைக்கலாஞ்சலோ 1518இல் தமக்கு வந்த கடிதம் ஒன்றின் பின்பக்கத்தில்தான் ரொட்டி, மீன், ஒயின் என்று உணவுப்பட்டியல் எழுதிப் பக்கத்தில் படமும் போட்டுவைத்தார். அப்பட்டியல் இன்றும் இருக்கிறது.

மூலம் நிலையானது, காகிதம் அழிவது என்று வாதிப்போருக்கு ஒரு விடை. பெர்லினில் பிறந்து, 2015இல் மைக்ரோசாப்ட்டின் கைக்கு மாறிய வுண்டர்லிஸ்ட் என்னும் செயலி 2020 மே 6ஆம் நாள் மூடப்பட்டது. பட்டியல்களை வேறிடம் மாற்றிக்கொள்ள வழி தரப்பட்டது உண்மையே. ஆயினும் அதையே ‘நாளைக்குச் செய்ய வேண்டியவை’யில் சேர்த்து வைத்திருந்தவர்களின் கதி யாது? அவர்கள் பீரோவின் அடியில் மடிந்து கிடக்கும் ஒரு தாளே இனி மூலம்.

எஞ்சி நிற்பது தர்க்கசாஸ்திரிகளின் சிக்கல் ஒன்று. நெடுநாள் வழக்கமுடையவர் பட்டியலில் ‘இதைப் பிரிண்ட் எடுக்க’ என்பதும் அன்றாடப் பணியாகச் சேர்ந்துவிடுகிறது. அச்சான தாளில் அது செய்யப்படாத பணியாகவே காட்சியளிக்கும். செய்யப்பட்டது என்பதற்கோ அத்தாளே சாட்சி. ஆகவே தாள் தன்னைப்பற்றித் தானே பொய் சொல்லும் ஒரே வரி இது. இத்தோஷத்தைத் தவிர்க்க, அச்சிடுமுன்பே திரையில் அப்பணிக்கு டிக் போட்டுவிட வேண்டும் என்பர் ஒரு சாரார். பிரிண்டரில் தாள் சிக்கிக்கொள்ளும் நாட்களில் அவர்கள் பொய்யர்களாகிறார்கள். அத்தகைய நாட்களில் இரு கட்சியாரும் பேதமின்றிப் பேனாவை எடுத்துத் துண்டுக் காகிதத்தில் கையாலேயே எழுதிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்பதும், முப்பது பணிகள் அப்போது ஆறாகக் குறைந்துவிடுகின்றன என்பதும் கூர்ந்து நோக்குவாருக்குப் புலனாகும். அவ்வாறெழுந்த கைப்பிரதிகளில் ‘பிரிண்டருக்கு ஆள் வரச்சொல்ல’ என்னும் வரி இடம்பெற்றதற்கு மட்டும் இதுவரை சான்று கிடைத்திலது.