எழுதத் தெரியாதவர் எழுதிய 115 நாவல்கள்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களுக்கு இரண்டே ஜோலி. கோயிலில் பாவத்தைக் கரைப்பது, காந்தி ரோட்டில் பணத்தைக் கரைப்பது. ஆமாம், பட்டுக்கடைகள் வரிசைகட்டி நிற்கும் தெருவுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் காந்தி ரோடுதான். கதர் கட்டச் சொன்ன மனிதருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த ஊரும் செய்திருக்காது. அந்த மனிதரின் பேச்சை நிஜமாகவே நம்பிப் பட்டைத் தூக்கிப்போட்ட ஒரு பெண்மணிக்கும் இந்தப் பக்கத்து மண்தான் பூர்வீகம். காஞ்சிக்கு அருகே உள்ள நீர்வளூர்க் குடும்பத்தைச் சேர்ந்த வை.மு.கோதைநாயகி அம்மாள்.

பிறந்தது 1901 டிசம்பர் 1. கல்யாணம் 1907. அதாவது, பால்பல் விழுவதற்குள் தாலி ஏறிவிட்டது. மாப்பிள்ளை திருவல்லிக்கேணி வை.மு.பார்த்தசாரதி. அவரும் அப்போது பையன்தான். பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பெரியவர்களின் கணக்கு தெளிவாக இருந்தது: எழுதப் படிக்கக் கற்றால் பெண் யாருக்காவது கடிதம் எழுதிவிடுவாள். நாவல் எழுதிவிடுவாள் என்பது பாவம், அவர்கள் கணக்கில் வரவே இல்லை.

இந்தக் கதையில் கொடுமைக்கார மாமியாரைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். மாமியார் மருமகளுக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்தார். கணவரோ மனைவியை நாடகம் பார்க்கக் கூட்டிப்போனார். பின்னாளில் அந்த அம்மாள் எழுதிய நாவல்களில் வரும் மாமியார்கள் எப்படியோ, சொந்த வாழ்க்கை கண்ணீர்க் காட்சிக்குத் தோதாக அமையவில்லை.

நாடகம் பார்த்த கோதைநாயகிக்கு, இதைவிட நன்றாக நாமே எழுதலாமே என்று தோன்றியது. தியேட்டரைவிட்டு வரும் எல்லாருக்கும் தோன்றுவதுதான். ஆனால் இவருக்கு ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. படிக்க வரும், சரளமாக எழுத வராது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா? பட்டம்மாள் என்ற தோழியை உட்காரவைத்து, தான் சொல்லச்சொல்ல எழுதவைத்தார். ‘இந்திரமோகனா’ நாடகம் 1924-இல் அச்சேறியது. வியாசருக்கு ஒரு பிள்ளையார் கிடைத்த மாதிரி இவருக்கு ஒரு பட்டம்மாள்.

எழுத்து கைக்கு வசப்பட்டதும் அடுத்த ஆண்டே ஒரு காரியம் செய்தார். நொடித்துக் கிடந்த ‘ஜகன்மோகினி’ என்ற பத்திரிகையை விலைக்கு வாங்கினார். தமிழ்நாட்டில் சொத்தை அழிக்க அன்றும் இன்றும் உத்தரவாதமான வழி பத்திரிகை நடத்துவது. இவர் அதையும் தலைகீழாக்கினார். தொடர்கதைக்கு அவரே ஆசிரியர், அதை வெளியிடவும் அவரே ஆசிரியர், ஆகவே கதை திரும்பி வந்துவிடும் என்ற பயமே இல்லை. நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் தொடக்கத்தில் கைகொடுத்தார். ‘வைதேகி’யில் ஆரம்பித்து நாவல் மேல் நாவலாக வந்து விழுந்தது. மொத்தம் 115. ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் ‘ஜகன்மோகினி’யின் மூச்சு அதுதான்.

இதே காலத்தில் காஞ்சி வரதராஜப் பெருமாள் சன்னிதியில் நம் வைணவப் பெரியோர்கள் வடகலையா தென்கலையா என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுப் படி ஏறிக்கொண்டிருந்தார்கள். யார் முன்னால் நின்று பாசுரம் சொல்வது, எந்த நாமம் போடுவது என்பதெல்லாம் உயிர்ப் பிரச்சினை. அதே வைணவக் குலத்துப் பெண் ஒருத்தி, ஆண்டாளின் பெயரையும் வைத்துக்கொண்டு, விதவை மறுமணம் பற்றியும் பெண் கல்வி பற்றியும் கதை எழுதித் தள்ளியதைக் கவனிக்க அவர்களுக்கு ஏது நேரம்? வாய்தா இருந்ததே.

1925-இல் அம்மாள் சென்னையில் காந்தியைச் சந்தித்தார். அன்றோடு பட்டும் வைரமும் போயின. கதர் வந்தது. பட்டைத் துறக்கச் சொல்லிக் காஞ்சி நெசவாளிகளின் தலையில் கைவைத்த கட்சி என்றாலும் அம்மாள் அந்தக் காங்கிரஸ் கட்சியில்தான் சேர்ந்தார். மேடையில் பேசுவார், பேச்சின் நடுவே பாடுவார். கர்னாடக சங்கீதம் பழகிய குரல். சொற்பொழிவு கேட்க வந்தவர்களுக்குக் கச்சேரி இனாம். 1931-இல் கள்ளுக்கடை மறியலில் கைதானார். சிறைக்குள்ளும் நாவல் எழுதினார். வெளியே பத்திரிகையைக் கணவர் பார்த்துக்கொண்டார். ‘வேலைக்குப் போகும் மனைவி, வீட்டைப் பார்க்கும் கணவன்’ என்று நாம் இப்போது பட்டிமன்றம் நடத்துகிறோம். திருவல்லிக்கேணியில் அதை அப்போதே முடித்துவிட்டார்கள்.

காஞ்சி அவருக்குத் தந்த சிறந்த பரிசு பட்டுப் புடவை அல்ல, இன்னொரு பட்டம்மாள். 1919-இல் இந்த ஊரில் பிறந்த டி.கே.பட்டம்மாள். முழு பெஞ்ச் பக்கவாத்தியத்தோடு பாடிய நாயனாப் பிள்ளையின் ஊர் இது. பட்டம்மாள் அவர் கச்சேரிகளைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தார். காமாட்சி வீதியுலா வரலாம், ஆனால் குடும்பப் பெண் மேடையேறிப் பாடக்கூடாது என்பது அன்றைய சட்டம். அந்தச் சட்டத்தை உடைத்துப் பட்டம்மாளை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் கோதைநாயகியும் ஒருவர். ஆம்பளைகளின் சொத்தாக இருந்த பல்லவியைப் பட்டம்மாள் பிறகு பங்குபோட்டுக்கொண்டது தனிக் கதை.

இந்தோனேசியாவில் டெவி லெஸ்தாரி என்றொரு பாடகி, மூவர் குழுவில் பாடிப் பேர்வாங்கியவர், 2001-இல் ‘சூப்பர்நோவா’ என்ற நாவலைத் தானே வெளியிட்டுப் பரபரப்பாக்கினார். அவர் கதைகளும் சினிமாவாயின. பாட்டு, நாவல், சொந்தப் பதிப்பு, சினிமா என்ற அந்தப் பாதையில் நம் அம்மாள் எழுபது எண்பது ஆண்டு முன்னாலேயே நடந்து முடித்துவிட்டார். ‘அநாதைப் பெண்’ 1938-லேயே திரைக்கு வந்தது. ‘தயாநிதி’ நாவல் 1966-இல் பத்மினி நடித்த ‘சித்தி’யானது. அதற்கு அரசு விருதும் தந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை, 1960 பிப்ரவரி 20-லேயே அம்மாள் காலமாகிவிட்டார். உயிரோடு இருக்கும்போது எழுத்தாளருக்கு விருது கொடுத்துக் கெடுக்கக்கூடாது என்பதில் நாம் எப்போதும் கவனமானவர்கள்.

அந்த 115-ம் காவியம் என்று நான் வாதாட வரவில்லை. தற்செயல்கள் எக்கச்சக்கம், உபதேசம் அதைவிட எக்கச்சக்கம். ஆனால் அடுப்படியில் இருந்த ஒரு தலைமுறைப் பெண்கள் அடுத்த இதழ் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்தது இவரால்தான். இலக்கிய வரலாறு இவருக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு, ‘வெகுஜன எழுத்து’ என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளிக்கட்டும். அதற்கு முன் ஒரு நாவலையாவது படித்துவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.