எளிமையாருக்கு டவர் கிடைக்கவில்லை

எளிமையார் இல்லாத அலுவலகம் இப்போது அபூர்வம். வயது நாற்பத்தைந்து இருக்கும். கதர்ச் சட்டை, செம்புத் தண்ணீர் பாட்டில், மதியத்துக்குத் தினைச் சோறு. போன வருடம்வரை சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் கழிப்பறையிலும் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். இந்த வருடம், பக்கத்து மேசைக்காரர் ஸ்மார்ட்போனை எடுத்தாலே பஸ்ஸுக்குள் பீடி பற்றவைத்தவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். பிறகு தன்னுடையதை எடுத்து மேசைமேல் வைக்கிறார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறச் சில்லு. திரையில் மணி மட்டும் தெரிகிறது. "பேசலாம், மெசேஜ் அனுப்பலாம். வேற ஒண்ணும் கிடையாது" என்று சொல்லும்போது, பட்டினத்தார் கையில் கரும்பு பிடித்திருக்கும் தோரணை வந்துவிடுகிறது.

"எவ்வளவு சார்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. குரல் இறங்கிவிடும். அமெரிக்காவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்தது, இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது. அதே வேலையைச் செய்யும் பட்டன் போன் பர்மா பஜாரில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், "அது வசதி இல்லாதவன் வாங்கறது, இது வேண்டாம்னு வாங்கறது" என்பார். தத்துவம் சரிதான். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு விலை இருக்கிறது போலும்.

இந்தப் போன்களுக்கும் டவருக்கும் ஜாதகப் பொருத்தம் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. நியூயார்க்கில் ஜோ ஹோலியர், கைவே டாங் என்ற இருவர் தொடங்கிய லைட் போன் 2015-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டியது. முதல் மாடல் கிரெடிட் கார்டு அளவு. ஒன்பது நம்பரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். 2ஜியில் மட்டும் பேசும். அது வாங்கியவர்கள் கைக்கு வந்துசேர்ந்த 2017-இன் தொடக்கத்தில்தான் அமெரிக்க நெட்வொர்க் நிறுவனமான ஏடி அண்ட் டி தன் 2ஜிக்கு மங்களம் பாடியது. சுவிட்சர்லாந்தின் புங்க்ட் நிறுவனத்துக்காக ஜாஸ்பர் மோரிசன் வடிவமைத்த எம்பி01-ம் 2ஜிதான். அடுத்த மாடல்களில் இரண்டு நிறுவனங்களும் 4ஜிக்கு ஏறிவிட்டன. நம் ஊரில் 2ஜிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஆனால் 2016 செப்டம்பரில் வந்த ஜியோவிடம் 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. ஆக, எளிமையாக இருப்பதற்கு முன்னால் இத்தனையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை. எளிமையார் குடியிருக்கும் பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் எட்டிப்பிடிக்கிற தூரம். நோக்கியா அங்கே 2006-இல் ஆலை திறந்து, பேச்சுக்கும் மெசேஜுக்குமான சாதாரணப் போன்களைக் கோடிக்கணக்கில் செய்து அனுப்பியது. 2014 நவம்பரில் மூடிவிட்டது. ஊரே செய்து அனுப்பிய சரக்கை, பத்து வருடம் கழித்துக் கடல் கடந்து இறக்குமதி செய்திருக்கிறார் மனிதர்.

அவருடைய எளிமைக்கு வீட்டில் மூன்று பேர் உழைக்கிறார்கள். மனைவியின் போன் கிளை அலுவலகம்: பால்காரருக்கு ஜிபே, ஆட்டோவுக்கு ஆப், கோயில் தரிசன டிக்கெட் எல்லாம் அங்கே. வழி கேட்க மகன். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்குத் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்ல மாமியார். பாங்க் ஓடிபியும் கேஸ் சிலிண்டர்காரர் கேட்கிற நாலு எண்ணும் மட்டும் எளிமையாரின் நம்பருக்கு வரும். அந்த ஒரு நூலில்தான் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை பெங்களூருவிலிருந்து திரும்பினார். ஊருக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் மூன்று நாள் 'டிஜிட்டல் விரத' முகாம். வந்த பிறகு வெள்ளி, சனி இரண்டு நாளும் ஒரு அழைப்புகூட இல்லை. முகாமின் பலன் என்று நினைத்தார். மாடியில் ஈசிச்சேரைப் போட்டுச் சாய்ந்துகொண்டு, உலகம் தன்னை விட்டுவிட்டது என்று பூரித்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி போனை ஸ்டீல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அது அவருடைய வார விரதம். சாயங்காலம் திறந்தால் பாட்டரி காலி. மூன்று நாள் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததே என்று அதற்கும் ஒரு வருத்தம்.

பாட்டரி காலியானதில் மர்மம் ஒன்றும் இல்லை. டவர் பக்கத்தில் இருந்தால் போன் கிசுகிசுத்தால் போதும். டவர் கிடைக்காவிட்டால் தொலைந்த பிள்ளையைத் தெருத்தெருவாகத் தேடும் தாய்போல ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். தேடத் தேடச் சார்ஜ் இறங்கும். அதிலும் ஸ்டீல் பீரோ உலோகக் கூண்டு. உலோகக் கூண்டுக்குள் மின்புலம் நுழையாது என்று மைக்கேல் ஃபாரடே 1836-இல் கூண்டே கட்டிக் காட்டியிருக்கிறார். பட்டுப்புடவைக்கும் பத்திரத்துக்கும் நல்ல பாதுகாப்பு; போனுக்குப் பாதாளச் சிறை.

திங்கட்கிழமை காலை சிலிண்டர் வந்தது.

"நம்பர் சொல்லுங்கம்மா" என்றார் சிலிண்டர்காரர்.

"என்னங்க, நம்பர் வந்திருக்கா பாருங்க."

"இந்த போன்ல தேவையில்லாதது எதுவும் வராது."

"தேவையானதும் வரலையே! வெள்ளிக்கிழமை எங்க அண்ணன் நாலு தடவை கூப்பிட்டிருக்காரு. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு சொல்லுதாம்."

எளிமையார் அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தார். கம்பங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. இரண்டு நாள் அனுபவித்த மோனம் எது என்று புரிந்துவிட்டது. நல்ல தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது அல்லவா, அதுபோல.

வைத்தியம் ஆரம்பமானது. முதலில் அணைத்து ஏற்றினார். பிறகு ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தார். பிறகு மொட்டை மாடிக்குப் போய்க் கையை உயர்த்தியபடி நான்கு மூலையிலும் நின்றார். எதிர்வீட்டுப் பாட்டி சூரிய நமஸ்காரம் என்று நினைத்துக் கும்பிட்டார். மனைவியின் ஊக்கை வாங்கிச் சிம் தட்டை வெளியே இழுத்து, மகனின் ரப்பரால் தங்கப் பட்டையைத் தேய்த்தார். அங்கே ஒரு சந்தேகம் முளைத்தது. சிம் பழையது, பெரிய சிம்மைப் பத்து வருடத்துக்கு முன் கத்தரியால் நறுக்கி நானோ ஆக்கியது. பெரிய சிம்மின் கனம் 0.76 மில்லிமீட்டர், நானோவுக்கு 0.67. அந்த இடைவெளிதான் வில்லனோ என்று, மேலிருந்து கீழாக உப்புத்தாளில் இழைக்கப் போனவரை மனைவி தடுத்து நிறுத்தினார்.

கம்பெனியின் உதவிப் பக்கத்தைப் பார்க்கலாம் என்றால், இந்தப் போனில் பிரவுசர் இல்லை. மகனின் ஸ்மார்ட்போனைக் கடன் வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பேண்ட் 3, பேண்ட் 5, பேண்ட் 40, ஏபிஎன், வோல்ட்டி. 2300 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைப்பதில் சோனி, 900 கெட்டி என்றெல்லாம் குறிப்பெடுத்தார். நடுவில் ஏதோ ஒரு வீடியோ வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒன்றரை மணி நேரம் கழித்து மகன் வந்து பார்த்தபோது, அப்பா ஒரு பூனை பியானோ வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தெருமுனை ரீசார்ஜ் கடை. கல்லாவில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது கால்குலேட்டரா?"

எளிமையார் விளக்க ஆரம்பித்தார். பையன் காதில் வாங்கவில்லை. சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டான், முழு டவர். "சிம் நல்லா இருக்கு, ரீசார்ஜும் இருக்கு. உங்க செட்லதான் ஏதோ" என்றான். திரும்ப மாட்டி, ஒவ்வொரு அமைப்பாகத் திறந்து போனான். திரை ஒவ்வொரு முறையும் கறுத்து வெளுத்து, யோசித்து யோசித்து மாறியது. இ-இங்க் திரையின் சுபாவம் அது. கண்ணுக்கு இதம், அவசரக்காரருக்கு ஆகாது.

"அண்ணே, கர்நாடகா போனீங்களா?"

எளிமையாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

கண்டுபிடிக்க ஜோசியம் வேண்டியதில்லை. தொலைத்தொடர்புக் கணக்கில் இந்தியா 22 வட்டங்கள். ஒரே நிறுவனமானாலும் வட்டத்துக்கு வட்டம் நெட்வொர்க்கின் எண் வேறு. 'தானியங்கி' என்று விட்டுவைத்தால், ஓசூர் எல்லை தாண்டியதும் போனே ஆளை மாற்றிக்கொள்ளும். கையால் ஒரு நெட்வொர்க்கைத் தேர்ந்துவிட்டால், அதற்குப் பதிவிரதை தோற்றாள். வேறு டவரை ஏறெடுத்தும் பார்க்காது. பெங்களூரு முகாமில் டவர் வந்துவந்து போனதால், பக்கத்துக் கட்டில்காரர் சொன்ன யோசனைப்படி எளிமையார் கையால் ஒன்றைத் தேர்ந்திருக்கிறார். விரத முகாமில் டவர் எதற்கு என்று பையன் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. ஆக, போன் சென்னையில் உட்கார்ந்துகொண்டு நாலு நாளாகக் கர்நாடகத்தை எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்குப் பழைய முன்னுதாரணம் உண்டு.

பையன் 'தானியங்கி'யைத் தொட்டான். கறுத்தது, வெளுத்தது. நாலு கம்பம் எழுந்து நின்றது. உடனே போன் நடுங்க ஆரம்பித்தது: தவறிய அழைப்பு அறிவிப்புகள், பாங்க் செய்திகள், காலாவதியான சிலிண்டர் நம்பர், குறைந்த வட்டிக் கடன், போரூரில் பிளாட். எளிமையார் ஒவ்வொன்றையும் படித்தார். பிளாட் விளம்பரத்தைக்கூட விடவில்லை. முகத்தில், ஊரிலிருந்து கடிதம் வந்த விடுதி மாணவனின் களை.

"எவ்வளவு தம்பி?"

"முப்பது ரூபா. ஜிபே பண்ணிடுங்கண்ணே."

எளிமையார் சட்டைப் பையைத் தடவினார். ரொக்கம் வைத்துக்கொள்ளும் பழக்கம் போய் வருடக்கணக்காகிறது. இணையம் இல்லாத போனிலும் பணம் அனுப்பலாம். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சிலேயே யுபிஐ 123பே என்று ஒன்றைத் தொடங்கிவைத்திருக்கிறது. அது அவருக்குத் தெரியாது, பையனுக்கும் தெரியாது. "வீட்டுக்குப் போய் அனுப்பச் சொல்றேன்" என்று நம்பரைக் கையில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய்க் கை கழுவிச் சாப்பிட்டார். பையனின் முப்பது ரூபாய் இன்னும் பாக்கி.