கால் இஞ்ச் பஞ்சாயத்து

கே: ஒட்டுத்துணிப் போர்வைக்காக ஒரு இஞ்ச் சதுரத்தில் ஒன்பது துண்டு, அளந்துதான் வெட்டினேன். மூன்றுக்கு மூன்றாகத் தைத்தால் கட்டம் இரண்டு இஞ்ச் வர வேண்டும். ஒன்றே முக்கால்தான் வருகிறது. துணி சுருங்கிவிட்டதா?

ப: துணி நிரபராதி. தையலுக்குக் கால் இஞ்ச் பிடிக்க வேண்டிய இடத்தில் வீசம் இஞ்ச், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாகப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டு துண்டிலும் போவதால் ஒரு தையலுக்கு அரைக்கால். இரண்டு தையலுக்குக் கால் இஞ்ச் காலி. பன்னிரண்டு இஞ்ச் கட்டத்திலும் இதே இரண்டு தையல்தான், இதே நஷ்டம்தான். அங்கே யார் கண்ணிலும் படாது. கட்டம் சிறுத்தாலும் தப்பு கூடவே சிறுப்பதில்லை!

ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். ஒரு இஞ்சுக்குக் குறைந்தால், தையலை ஓர் இழை ஓரத்துக்குத் தள்ளுங்கள். மடிப்பில் துணியின் கனமே ஓர் இழையை விழுங்கிவிடும். ஆகவே கால் இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிப்பதுதான் சரியான கால் இஞ்ச். (கணக்கு வாத்தியார்கள் மன்னிக்க.)

கே: தைக்க ஆரம்பித்ததுமே துண்டின் முனையை மெஷின் தின்றுவிடுகிறது.

ப: பசி இல்லை, வாய் அகலம். ஜிக்ஜாக் போடும் மெஷினில் ஊசி இடமும் வலமும் போய்வர, தகட்டில் அகலமான துளை இருக்கும். சின்ன முனை அதற்குள் புகுந்துவிடும். ஒற்றைத் துளைத் தகடு மாட்டுங்கள். மாட்டியதை மறந்து ஜிக்ஜாக் போட்டால் ஊசி உடையும். பாட்டி காலத்துக் கருப்பு மெஷின் பரணில் இருக்கிறதா? இறக்குங்கள். நேர்த்தையல் மட்டுமே தெரிந்த அதற்குப் பிறவியிலேயே சிறிய வாய். எந்த மெஷினானாலும், ஒரு வேண்டாத துணியில் தொடங்கி, நூலை அறுக்காமல் அப்படியே துண்டுக்குள் ஓட்டுங்கள்.

கே: திருப்பூர் உறவினர் பனியன் வெட்டுத்துணி மூட்டையாகத் தருகிறார். ஆகுமா?

ப: மெஷின் துடைக்க ஆகும். இழுத்த இழுப்புக்கு வருகிற குணம் அரை இஞ்ச் முக்கோணத்துக்குச் சரிப்படாது. பாப்ளின் போல நெருங்க நெய்த பருத்தி எடுங்கள். வெட்டுவதற்கு முன்பே கஞ்சி போட்டு விறைப்பாக்குங்கள்.

கே: இஸ்திரி போட்டால் சதுரம் சாய்ந்துகொள்கிறதே?

ப: தேய்க்காதீர்கள். வையுங்கள், அழுத்துங்கள், எடுங்கள்.

கே: முக்கோணங்களின் முனைகள் ஒன்றோடொன்று சேரவே மாட்டேன் என்கின்றன.

ப: காகிதத்தின் மேல் தையுங்கள். கட்டத்தைக் காகிதத்தில் வரைந்து, துணியைப் பின்பக்கம் வைத்து, கோட்டின் மேலேயே ஊசியை ஓட்ட வேண்டும். துண்டைத் தாராளமாகவே வைக்கலாம். தைத்தபிறகு மிச்சத்தைக் கத்தரித்தால் போதும். தையல் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கட்டும். துளைகள் நெருங்கியிருந்தால்தான் காகிதம் தபால் தலை போலச் சுலபமாகக் கிழியும். ஒரு எச்சரிக்கை: வரைந்தது இடவலம் மாறி வரும். குழந்தையின் பெயரைத் தைக்கப் போகிறவர்கள் முதலில் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவும்.

கே: இப்படிப் பொடித் துண்டுகளாலேயே முழுப் போர்வை தைத்தவர் உண்டா? சுயபுத்தியோடு?

ப: அமெரிக்காவில், வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜேன் ஸ்டிக்கிள். நாலரை இஞ்சில் 169 சதுரக் கட்டங்கள், சுற்றிலும் முக்கோணக் கரை. அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். மூலையில் தன் பெயரையும், போர்க்காலம் 1863 என்பதையும், துண்டுகள் 5602 என்ற கணக்கையும் நூலால் எழுதிவைத்தார். போர்வை இப்போது பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிச்சம் துணிக்கு ஆகாதென்று வருஷத்தில் சில வாரங்களே காட்டுகிறார்கள். 1996-ல் பிரெண்டா பாப்படாகிஸ் அந்தக் கட்டங்களைப் புத்தகமாக்கிய பிறகு, பல நாடுகளில் அதைப் பார்த்துத் தைக்கிறார்கள். சுயபுத்தி பற்றிக் கேட்டீர்கள். துண்டுகளை எண்ணியும் வைத்தவர் அவர்; முடிவை உங்களிடமே விடுகிறேன்.

கே: 'திரும்ப ஒட்டுவதற்கு எதற்கு வெட்ட வேண்டும்?' என்கிறார் என் மனைவி.

ப: பதில் சொன்னால் கணக்கும் கேட்பார். ஒரு இஞ்ச் சதுரம் தைத்தபின் அரை இஞ்ச் சதுரமாகத்தான் வெளியே தெரியும். காசு கொடுத்து வாங்கியதில் முக்கால் பங்கு உள்ளே மறைந்திருக்கிறது. காபி போட்டுக் கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள்.