பிணைக்கு யார் பிணை?

ஏல மருமவனே, இப்படி உக்காரு. லீவுக்கு ஊருப் பக்கம் மான்கறி திங்கப் போறியாமே, உங்க அம்மை சொன்னா. மலையடிவாரத்துல கூட்டாளி ஒருத்தன் எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டானாம். மான் பாக்கணும்னா சயான்ல லோக்கல் ஏறி, தாதர்ல மாறி, போரிவலி பார்க்குக்குப் போயிருக்கலாம். திங்கணும்னா மட்டும் ரெண்டு ராத்திரி ரயில்ல போகணும் பாரு.

"கொம்பனைத்தான் சுடுவாங்க மாமா, குட்டி போட்ட பெட்டையைத் தொடமாட்டாங்க"ன்னு வேற சொன்னியாம். தர்மவான்! ராத்திரி டார்ச் அடிச்சா "நான் பால் கொடுக்கிறவ"ன்னு அது கழுத்துல போர்டு தொங்குமாக்கும்? புள்ளிமான் குட்டியைப் புல்லுக்குள்ள படுக்க வச்சிட்டு, தள்ளிப் போய்த்தான் மேயும். பக்கத்துலயே நின்னா சிறுத்தைக்குக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிரும்லா. தனியா நிக்கிறதுனால அதுக்குப் பிள்ளை இல்லன்னு ஆயிருமா? அது வருஷம் பூரா ஈனுற ஜாதி. கொம்பை வச்சுப் பாக்கலாம்னா, ஆணுக்கும் கொம்பு உதிர்ந்து முளைக்கிற காலம்னு ஒண்ணு இருக்கு. உன் கூட்டாளிக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

எங்க தாத்தா எட்டயபுரத்துக்கு மேக்கே கரிசக்காட்டுல நாயோட முயலுக்குப் போவாரு. ஒருநா கொண்டாந்தது சினை முயல். அரிஞ்சுக்கிட்டிருந்த பாட்டி உள்ள பாத்துட்டு, அருவாமணையை மடக்கி வச்சிட்டு எந்திரிச்சுட்டா. அன்னைக்கு எங்களுக்குக் கஞ்சியும் துவையலும். பாவம் புண்ணியம்னு ஒருத்தரும் பேசல. யாருக்கும் கறி இறங்கியிருக்காது, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் இதுல வெகு ஒழுங்கு. இங்கிலாந்துல செம்மான் பெட்டையை நவம்பர் 1-லேருந்து மார்ச் 31 வரைக்குந்தான் சுடலாம். அதுக்குள்ள குட்டி ஓரளவு வளந்திரும்லா. அப்பவும் தாயும் குட்டியுமா நின்னா, முதல்ல குட்டியைச் சுடு, பொறகு தாயைச் சுடுன்னு முறை வச்சிருக்கான். அனாதையா விடக்கூடாதாம்! என்னா கருணை பாத்தியா? அவனுக்காவது ஒரு காரணம் இருக்கு: அங்க ஓநாய் கிடையாது, மான் பெருகி மரக்கன்னையெல்லாம் மேஞ்சிருது. உனக்கு என்ன காரணம், வாட்ஸாப் ஸ்டேட்டஸா?

நம்ம 1972 வனவிலங்குச் சட்டத்துல 15-வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. லைசன்ஸ் வாங்கி வேட்டைக்குப் போன காலம் அது. குட்டியோட திரியுற பெட்டையைத் தனி அனுமதி இல்லாம சுடக்கூடாதுன்னு அதுல எழுதியிருந்தான். 1991-ல வேட்டைக்கே கதவைச் சாத்துனதும் அந்தப் பிரிவுக்கு வேலை போச்சு, எடுத்துட்டான். கொம்பன், பெட்டை எல்லாம் ஒரே கணக்குதான் இப்போ. நீ பேசுற தர்மம் முப்பது வருஷத்துக்கு முன்னாலயே ரிட்டயர் ஆயிட்டுது, மருமவனே.

தாராவியில தோல்ஷாப்பு வச்சிருந்த நம்ம நெல்லைச்சீமை பாய் ஒருத்தரு, சீறாப்புராணத்துல மானுக்குப் பிணை நின்ன படலத்தை ராகம் போட்டுச் சொல்லுவாரு. பாடுன உமறுப்புலவர் அடங்கியிருக்கிறது எங்க எட்டயபுரத்துலயாச்சே, எனக்கு அதுல ஒரு மெதப்பு. வேடன்கிட்ட மாட்டின பெண்மான், குட்டிக்குப் பால் கொடுத்துட்டு வாறேன்னு கெஞ்சுது. நபி அதுக்கு ஜாமீன் நிக்காரு. சொன்னபடி மான் திரும்பி வந்து நிக்குது. பிணைன்னா ஜாமீன், பிணைன்னா பெண்மானும்தான். தமிழ் ரெண்டையும் ஒரே கயித்துல கட்டி வச்சிருக்கு பாரு.

இந்தக் காலத்துப் பிணை வேற தினுசு. நம்ம பாந்த்ராக்காரரு சல்மான் கான், 1998 அக்டோபர்ல ஜோத்பூர் பக்கம் காங்கணி கிராமத்துல ரெண்டு வெளிமானைச் சுட்டாருன்னு வழக்கு. இருபது வருஷம் இழுத்து, 2018 ஏப்ரல் 5-ஆம் தேதி அஞ்சு வருஷம் தண்டனைன்னு தீர்ப்பு. ரெண்டு ராத்திரி உள்ள இருந்தாரு, பிணை கிடைச்சிருச்சு, அப்பீலும் போட்டாரு. விடாம சாட்சி சொன்னது அந்த ஊரு பிஷ்னோய் சனங்க. தாயில்லாத மான்குட்டிக்குத் தன் பாலையே கொடுக்கிற பொம்பளைங்க உள்ள கூட்டம் அது. சல்மானுக்கு வக்கீல் படை இருந்துச்சு. உனக்கு யாருலே ஜாமீன் நிப்பா? என்னைப் பாக்காத, என் ரேஷன் கார்டு பேங்குல அடமானத்துல இருக்கு.

என்னத்துக்குலே சிரிக்க? ஓஹோ, நேத்து உங்க அத்தை கோளிவாடா மார்க்கெட்டுல வாங்குன மீன்ல சினை இருந்ததையும், அதைத் தனியா வறுக்கச் சொல்லி நான் அடுப்படியையே சுத்துனதையும் பாத்துட்டியாக்கும். மீன் முட்டையிடுற காலம்னு ஜூன் 1-லேருந்து ஜூலை 31 வரைக்கும், 61 நாள், இந்தக் கரையில விசைப்படகு கடலுக்குள்ள போகக்கூடாதுன்னு தடை. அந்த 61 நாளும் இந்த வீட்டுல கருவாடுதான், போய் உங்க அத்தையைக் கேட்டுப் பாரு.

62-வது நாளைப் பத்தி மட்டும் கேக்காத. தட்டு வைக்கிற சத்தம் கேக்கு, கையைக் கழுவிட்டு வா.